சட்டுனு எந்திரிக்காத ஆளு

நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர்லதான எறங்கணும், அண்ணாச்சி? அப்ப சரி. நான் ராஜபாளையம். எதுக்குக் கேட்டேன்னா, சன்னலோரத்துல இருக்கிறது நீங்க, வழியில இருக்கிறது நான். நீங்க எறங்கணும்னா நான் எந்திரிக்கணும். பக்கத்துல யாரு வந்து உக்காந்தாலும் எங்க எறங்குறாங்கன்னு கேட்டு வச்சுக்கிடுறது என் பழக்கம். முப்பது வருஷப் பழக்கம். இப்ப அதுக்கு அவசியமில்ல. இப்ப நீங்க எந்திரின்னா எந்திரிச்சிருவேன். இருந்தாலும் வாய் கேட்டுருது.

எம்பேரு வெயிலுமுத்து. சிவகாசியில காலண்டர் கம்பெனியில ப்ரூப் பாக்குறேன். கிழிக்கிற தினசரிக் காலண்டர் இருக்குல்ல, அதுல பன்னெண்டு ராசிக்கும் ஒத்தை ஒத்தை வார்த்தையில பலன் போட்டிருக்கும். 'வரவு', 'சாந்தம்', 'தடங்கல்'னு. அதெல்லாம் நான் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் மிஷினுக்குப் போகும். இந்த வருஷம் உங்க ராசிக்கு நெறைய நாளு 'தாமதம்'னு இருந்தா, அதுல எழுத்துப்பிழை இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு. தாமதத்துக்கு நான் பொறுப்பில்ல.

எனக்கு ஒரு வியாதி, அண்ணாச்சி. பயப்படாதீங்க, ஒட்டாது. பரம்பரையாத்தான் வரும், பக்கத்து சீட்டுக்கு வராது.

என்னன்னா, சட்டுனு எந்திரிச்சாலோ, சட்டுனு ஓடுனாலோ, யாராவது திடீர்னு கூப்பிட்டு விருட்டுனு திரும்புனாலோ, வலது கையும் காலும் முறுக்கிக்கிடும். ஈரத்துணியப் பிழியிற மாதிரி. வாய் ஒரு பக்கமாக் கோணும். பேச வராது. பதினஞ்சு செகண்டு, மிஞ்சிப்போனா இருபது. நெனவு தப்பாது, வலியும் இருக்காது. அது முடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நான் பாட்டுக்கு நடந்து போயிருவேன். பக்கத்துல நின்னு பாத்தவனுக்குத்தான் அன்னைக்குப் பூரா சோறு எறங்காது.

பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சுது. அப்பல்லாம் ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை வரும். ஸ்கூல்ல பேரு வாசிக்கும்போது எந்திரிச்சு நின்னு 'உள்ளேன் ஐயா' சொல்லணும்ல, அதான் பெரிய கண்டம். நல்லவேளை, எனக்கு வெயிலுமுத்துன்னு பேரு. எனக்கு அப்புறம் வேலுச்சாமி ஒருத்தன்தான். 'வரதராஜன்'னு வாசிக்கும்போதே நான் வேலையை ஆரம்பிச்சுருவேன். வலது கால் பெருவிரலை மூணு தடவை தரையில அழுத்தணும். அப்புறம் குதிகால். அப்புறம் முழங்காலை லேசா ஆட்டணும். ரெண்டு கையாலயும் தொடையத் தேய்ச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி, மெதுவா எந்திரிக்கணும். அப்படி எந்திரிச்சா வராது. உடம்புக்குத் தெரியாம உடம்பை எழுப்புறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரல. நானாக் கண்டுபிடிச்சேன். அதுல எனக்கு ஒரு பெருமையே உண்டு.

யாருகிட்டயும் சொல்லல. அப்பா அம்மா போய்ச் சேந்துட்டாங்க, அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. எங்கக்கா ராஜகனி, ஒரே வீட்டுல ஒண்ணா வளந்தவ, அவளுக்கும் தெரியாது. நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

வேலையும் அப்படிப் பாத்துத்தான் தேடுனேன். ஓடியாடுற வேலை ஆகாது. ப்ரூப் பாக்குறவனை யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டான். ஆனா ஒண்ணு, மொதலாளி உள்ள வந்தா எல்லாரும் சடக்குனு எந்திரிப்பாங்க. நான் பெருவிரல்ல இருந்து ஆரம்பிச்சு எந்திரிக்கிறதுக்குள்ள மொதலாளி போய்ட்டு வேற ரூம்ல இருப்பாரு. ரெண்டு வருஷம் இப்படியே போச்சு. 'வெயிலுமுத்து யாருக்கும் எந்திரிக்க மாட்டான், மானஸ்தன்'னு சொல்லி சங்கத்துல என்னைத் துணைத்தலைவர் ஆக்கிட்டாங்க. நான் வேண்டாம்னு சொல்றதுக்கு எந்திரிச்சேன், அதுக்குள்ள கை தட்டி முடிச்சுட்டாங்க.

கல்யாணம் ஆச்சு. வீட்டுக்காரி பேரு மாரித்தங்கம், சாத்தூர்க்காரி. தங்கமான பொம்பள, பேருல மட்டுமில்ல. ஆனா கொஞ்சம் மந்தம். எதையும் சட்டுபுட்டுன்னு செய்ய மாட்டா. சாப்பிடக் கூப்பிடணும்னா மொதல்ல அடுப்படியில கரண்டியை நாலு தட்டுத் தட்டுவா. அப்புறம் தட்டை வைக்கிற சத்தம் கேக்கும். தண்ணி ஊத்துற சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் மெதுவா, 'ஏங்க, சாப்பிட வாரீகளா'ம்பா. அதுக்குள்ள நான் சாவகாசமா எந்திரிச்சு வந்திருப்பேன். வீட்டுல காலிங் பெல் இருந்துச்சு. கல்யாணமான மொத வருஷமே ரிப்பேராப் போச்சு. நான் சரி பண்ணச் சொன்னப்பல்லாம், 'கதவைத் தட்டுனாப் போதாதா, வாரவங்க தட்டட்டும்'னுட்டா. கம்பெனியில நான் இதைச் சொல்லிச் சிரிப்பேன், 'எம் பொண்டாட்டிக்கு ஒரு பெல்லு மாட்டப் பத்தொன்பது வருஷம் பத்தல'ன்னு. இவ்வளவு மந்தமா ஒரு பொம்பள அமைஞ்சது எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு. அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கிட்டேன்.

ஒரே மக. அபிநயா. எட்டாங் கிளாஸ் படிக்கும்போது ஸ்கூல் கோ-கோ டீம்ல சேந்தா. கோ-கோ தெரியும்ல? எட்டுப் பிள்ளைங்க வரிசையாக் குத்தவச்சிருக்கும். தொரத்துற பிள்ளை ஓடிவந்து முதுகுல தட்டி 'கோ'ன்னா, உக்காந்திருக்கவ அந்த நிமிஷமே எந்திரிச்சுப் பாயணும். எங்க குடும்பத்துக்குன்னே யாரோ யோசிச்சு வச்ச மாதிரி ஒரு ஆட்டம்.

போன வருஷம் ஆடி மாசம், ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்க. நானும் மாரித்தங்கமும் போனோம். பி.டி. டீச்சர் சொல்லுது, 'உங்க பொண்ணு ஆட்டத்துல வேணும்னே விழுறா. கோ குடுத்தா எந்திரிக்காம கையைக் காலை முறுக்கிக்கிட்டு வாயைக் கோணுறா. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா. பதினஞ்சு செகண்டுல எந்திரிச்சு ஓடுறா. இது நடிப்பில்லாம என்ன? அபிநயான்னு பேரு வச்சிருக்கீங்க, வேற என்ன செய்வா?'

அந்தம்மா சொல்லச் சொல்ல, அது என் வலது காலைப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு. பதினஞ்சு செகண்டுன்னுச்சு பாருங்க. அதை எண்ணியிருக்கிற ஆளு உலகத்துலயே நான் ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன்.

'டயர்டா இருக்கும் டீச்சர்'னேன்.

மாரித்தங்கம் என்னை ஒரு பார்வை பாத்தா.

பிள்ளையை டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. கூடப் படிக்கிற பிள்ளைங்க, 'சாமி வருதுடி, குறி கேளுங்கடி'ன்னு கேலி பண்ணியிருக்கு. இவ ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு படுத்துக்கிட்டா. அப்ப எங்கக்கா ராஜபாளையத்துல இருந்து பாக்க வந்தா. அவ முன்னாலயே பிள்ளைக்கு ஒரு தடவை வந்துருச்சு. எங்கக்கா பாத்தா. பேச ஆரம்பிச்சா, நிறுத்தல.

'இது நம்ம பக்கம் கிடையாது. நம்ம வம்சத்துல யாருக்கும் கை கால் கோணுனது கிடையாது. மாரித்தங்கம், உங்க பெரிய மாமாவுக்கு வலிப்பு வருமே, அதான் இது. உங்க வீட்டு வெனை எங்க பிள்ளை தலையில விழுந்திருக்கு. நீ பதினோரு வெள்ளி ஒருபொழுது இருந்து அம்மனுக்கு மாவிளக்கு எடு.'

'சரி மதினி'ன்னா மாரித்தங்கம்.

அப்ப நான் சொல்லியிருக்கலாம். நீங்க கேப்பீங்க, ஏன் சொல்லலன்னு. யோசிச்சுப் பாருங்க. அக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து ஒரு முடிவு சொல்லியிருக்கா. மூஞ்சிக்கு நேரா 'இல்ல'ன்னு சொன்னா மரியாதையா இருக்குமா? அதோட மாரித்தங்கமே சரின்னுட்டா. ரெண்டு பொம்பளைங்க ஒத்துப்போற விஷயத்துல நான் எதுக்கு குறுக்க போகணும்?

பதினோரு வெள்ளியும் இருந்தா, அண்ணாச்சி. காலையில ஒரு வாய் காப்பி, ராத்திரிக்குத்தான் சாப்பாடு. நானும் அந்த வெள்ளிக்கிழமைகள்ல ரெண்டு இட்லி கொறைச்சுத்தான் சாப்பிட்டேன்.

பதினோரு வெள்ளி முடிஞ்சுது. பிள்ளைக்குக் கொறையல. மாரித்தங்கம் யாரையும் கேக்கல, மதுரையில நரம்பு டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டா. 'நாளன்னைக்கு லீவு போடுங்க'ன்னா. அவ அவ்வளவு வேகமா ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததில்ல.

டாக்டர் சின்ன வயசுப் பொம்பளப் பிள்ளை. எல்லாத்தையும் கேட்டுட்டு, அபிநயாவைச் சேர்ல உக்கார வச்சு, 'நான் கை தட்டுனதும் எந்திரிச்சு அந்தக் கதவு வரைக்கும் ஓடு'ன்னுச்சு. தட்டுச்சு. பிள்ளை எந்திரிச்சா, ரெண்டு எட்டு வைக்கல, முறுக்கிக்கிடுச்சு. டாக்டர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். 'புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு'ன்னுச்சு. எங்க பிள்ளையை ஸ்கூல்ல யாரும் அப்படிப் பாராட்டுனதில்ல.

ஒரு காகிதத்துல வியாதி பேரை எழுதுச்சு. பராக்ஸிஸ்மல் கைனசிஜெனிக் டிஸ்கைனீசியா. நான் எழுத்துப்பிழை பாக்குறவன், அதைப் பாத்ததும் பூராவுமே பிழைன்னுதான் நெனச்சேன். சுருக்கமா பி.கே.டி.யாம். நடிப்பும் இல்ல, பேயும் இல்ல, காக்கா வலிப்பும் இல்ல. அபூர்வமா வரக்கூடியது. உடம்புக்குள்ள ஜீன்னு இருக்காம், ஒரு பெரிய புஸ்தகம் மாதிரி. அதுல ஒரு வரியில ஒரு எழுத்து ரெண்டு தடவை விழுந்திருமாம். ஒரே ஒரு எழுத்து. நான் பாத்திருந்தா அடிச்சு விட்டிருப்பேன்.

'இது பெரும்பாலும் அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ வரும். உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது சின்ன வயசுல இப்படி இருந்துச்சா?'ன்னு கேட்டுச்சு.

'இல்ல'ன்னேன். சட்டுனு சொல்லிட்டேன். நான் சட்டுனு செய்யிற ஒரே காரியம் அதுதான்.

மாரித்தங்கம் கொஞ்ச நேரம் தன் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், 'எங்க பக்கம் ஒரு மாமாவுக்கு வலிப்பு இருந்துச்சு, டாக்டர்'னா.

டாக்டர் அதை எழுதிக்கிடுச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ஒருவேளை மாமாகிட்ட இருந்துதான் வந்திருக்குமோன்னு கூட எனக்கு ஒரு நிமிஷம் தோணுச்சு.

மாத்திரை உடம்புக்கு ஒத்துக்குமான்னு ரத்தம் பாத்துட்டுக் குடுத்தாங்க. வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரைதான், கொஞ்சூண்டு அளவு. நம்ப மாட்டீங்க, நாலாவது நாளு பிள்ளைக்கு வாரதே நின்னுபோச்சு. ஆனா அவ எந்திரிக்கல, அண்ணாச்சி. அதான் புதுக் கதை. மாத்திரையை நம்ப மாட்டேங்குறா. ஒவ்வொரு தடவையும் சேரைப் பிடிச்சுக்கிட்டு, பயந்து பயந்து எந்திரிக்கிறா. 'உலகத்துல எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?'ன்னு அழுவா. நான் அடுத்த ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். சின்னப் பிள்ளைகிட்ட நம்ம கதையெல்லாம் சொல்லி மனசைக் கெடுக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்.

மறுதடவை போனப்ப டாக்டர் ஒரு போன் நம்பர் குடுத்துச்சு. ஜோஸ்பின்னு திருச்சியில ஒரு அம்மா, காலேஜ்ல லேப் அசிஸ்டெண்டா இருக்காங்க. அவங்களுக்கும் இதே. இந்த வியாதி இருக்கிறவங்களையெல்லாம் தேடிப் பிடிச்சு ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்காங்க. முப்பத்தி நாலு பேரு. மாரித்தங்கம் அதுல சேந்துக்கிட்டா. நாளெல்லாம் 'டிங் டிங்'னு அடிக்கும். பெல்லு வேண்டாம்னவ, இதை மட்டும் சத்தம் கொறைக்கல. தை மாசம் திண்டுக்கல்ல எல்லாரும் கூடுறாங்க, போவோம்னா. நான் வேலை கெடக்குன்னேன். 'பிள்ளைக்காக வாங்க'ன்னா. தட்ட முடியல.

ஒரு கல்யாண மண்டபம், கீழ ஹால், மாடியில சாப்பாடு. கரூர், நாகர்கோவில், விழுப்புரம்னு எங்கெங்க இருந்தோ வந்திருந்தாங்க. பாத்தா யாரும் நோயாளி மாதிரி இல்ல. ஒரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் மாதிரி இருந்துச்சு. காலையில ஒரு டாக்டர் பேசுனாரு. ஒரு மணிக்கு சமையல்காரரு படியில நின்னு, 'சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க'ன்னு ஒரு சத்தம் குடுத்தாரு.

யாரும் எந்திரிக்கல, அண்ணாச்சி.

அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க. சரக் சரக்னு. என்னன்னு பாத்தா, ஹால் பூரா செருப்புச் சத்தம். முப்பது பேரும் பெருவிரலை அழுத்துறான். அப்புறம் குதிகால். முழங்கால் ஆடுது. முப்பது ஜோடிக் கை தொடையத் தேய்க்குது. கரூர்க்காரர் ஒருத்தர் உதட்டுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறாரு. என் கண்டுபிடிப்பு, அண்ணாச்சி. முப்பது வருஷமா நான் தனியா வச்சிருந்த வித்தை. எல்லாப் பயலும் வச்சிருக்கான்.

சமையல்காரரு, சாப்பாடு பிடிக்கலையோன்னு பயந்து மேல போய்ட்டாரு.

நான் குனிஞ்சு என் காலைப் பாத்தா, அது பாட்டுக்குப் பெருவிரலை அழுத்திக்கிட்டு இருக்கு. நிமுந்து பாத்தா, அபிநயா என் காலையே பாத்துக்கிட்டு இருக்கா. அப்புறம் ஹாலைப் பாத்தா. அப்புறம் திரும்ப என் காலை.

'அப்பா. நீங்களுமா?'

'கால் மரத்துப்போச்சும்மா'ன்னேன்.

சாப்பிட்டு வந்ததும் வட்டமா உக்கார வச்சாங்க. வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரும் ரெண்டு வார்த்தை பேசணும். மாரித்தங்கத்துக்கிட்ட ஜோஸ்பின் மேடம் கேட்டாங்க, 'நீங்க எவ்வளவு நாளா இதைப் பாத்துக்கிட்டு இருக்கீங்கம்மா?'

'பத்தொன்பது வருஷமா.'

'பாப்பாவுக்குப் பதிமூணுதான ஆகுது?'

'பாப்பாவுக்கு இப்பத்தான் ஆறு மாசமா. இவுகளுக்குப் பத்தொன்பது வருஷமா'ன்னு என் பக்கம் கையைக் காட்டுனா. குரல்ல ஒரு கோவம் கிடையாது. ரேஷன் கார்டுல பேரு சொல்ற மாதிரி சொன்னா.

கல்யாணமாகி ஆறாவது நாளாம். சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடுனேனாம். வந்துருச்சாம். 'என்னங்கன்னு கேட்டேன், கால்ல முள்ளு குத்திருச்சுன்னாக. ஷூ போட்டிருந்தாக'ன்னா.

ஹாலே சிரிச்சுது. என்னைப் பாத்துச் சிரிக்கல. கரூர்க்காரர், 'நான் சுளுக்குன்னு சொல்லுவேங்க'ன்னாரு. நாகர்கோவில் அம்மா ஒண்ணு, 'நான் செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு சொல்லுவேன்'னுச்சு. ஆளாளுக்குச் சொன்ன பொய்யைச் சொன்னாங்க. அதுல சில பொய் என்னுதை விட நல்லா இருந்துச்சு.

மாரித்தங்கம் சொல்லிக்கிட்டே போனா. பெல்லை அவதான் கழட்டிப் போட்டாளாம். கூப்பிடுறதுக்கு முன்னாடி கரண்டியைத் தட்டிச் சத்தம் குடுத்துட்டுத்தான் கூப்பிடுவாளாம். பிள்ளை குழந்தையா இருக்கும்போது, 'அப்பா பின்னால போயி பே-ன்னு கத்தக் கூடாது'ன்னு சொல்லி வளத்தாளாம். நான் மந்தம்னு நெனச்சது அத்தனையும்.

'நீங்க ஏம்மா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?'ன்னாங்க ஜோஸ்பின் மேடம்.

'மறைக்கிறதுக்கு அவுக அவ்வளவு பாடுபட்டாக. எனக்குத் தெரியும்னு சொன்னா அந்தப் பாடெல்லாம் வீணாப் போயிருமேன்னு இருந்துட்டேன். பிள்ளைக்கு வந்தப்ப அவுகளாச் சொல்லுவாகன்னு பாத்தேன்.'

அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா தேவலை. எனக்கு எந்திரிச்சு வெளிய போயிரணும் போல இருந்துச்சு. ஆனா பெருவிரல்ல இருந்துல்ல ஆரம்பிக்கணும்? நான் குதிகாலுக்கு வாரதுக்குள்ள அபிநயா கேட்டுட்டா.

'அப்ப எங்கம்மா பதினோரு வெள்ளி பட்டினி கெடந்தது எதுக்குப்பா?'

முப்பது பேரும் என்னைப் பாக்குறாங்க. முள்ளு, சுளுக்கு, செருப்பு வாருன்னு எத்தனையோ இருந்துச்சு. எதுவும் அதுக்குப் பொருந்தல.

'எம்மேல தப்புதான்'னேன். நாலு வார்த்தை கூட இல்ல. முப்பது வருஷம் ஆச்சு அதைச் சொல்ல.

திரும்பி வரும்போது பஸ்ல அம்மாவும் மகளும் ஒரு சீட்டு. நான் டிரைவருக்குப் பின்னால தனியா. ஒம்பது நாளு எங்கூடப் பேசல பிள்ளை. ஆனா ஒண்ணு கவனிச்சேன். 'எனக்கு மட்டும் ஏன்'னு அழுறதை நிறுத்திட்டா. கோவமா இருக்கிற பிள்ளைக்கு பயப்பட நேரமில்ல. சேரைப் பிடிக்காம எந்திரிச்சா, என்னைப் பாத்ததும் விருட்டுனு எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போனா. ஒண்ணும் வரல அவளுக்கு. நான் பிள்ளைக்கு செஞ்ச வைத்தியம்னா அது ஒண்ணுதான்.

மாரித்தங்கம் எனக்கும் தேதி வாங்கிட்டா. அந்த டாக்டர் பிள்ளை என்னைப் பாத்துச்சு, பழைய காகிதத்தை எடுத்துச்சு, 'மாமா'ன்னு எழுதியிருந்ததை அடிச்சுட்டு 'அப்பா'ன்னு எழுதுச்சு. ஒண்ணும் சொல்லல. திருத்தம் போடும்போது நானும் எதுவும் பேச மாட்டேன், அதனால எனக்குப் புரிஞ்சுது.

மாத்திரை சாப்பிட்டு ஒரு வாரம் இருக்கும். ஞாயித்துக்கிழமை, நான் கூடத்துல உக்காந்து பேப்பர் பாத்துக்கிட்டு இருக்கேன். பின்னால இருந்து முதுகுல பளீர்னு ஒரு அடி. 'கோ!'ன்னு ஒரு சத்தம்.

எந்திரிச்சுட்டேன், அண்ணாச்சி. பெருவிரலும் இல்ல, குதிகாலும் இல்ல. எந்திரிச்சு, வாசலைத் தாண்டி, தெருவுல எறங்கி ஓடிட்டேன். லுங்கியோட. தெருமுக்கு மாவு மில்லு வரைக்கும் ஓடுனேன். நின்னு பாத்தேன், கை நேரா இருக்கு, கால் நேரா இருக்கு. மில்லுக்காரர், 'என்ன துணைத்தலைவரே, எங்க தீப்பிடிச்சிருக்கு?'ன்னாரு. சிவகாசியில ஓடுனா அப்படித்தான் கேப்பாங்க. எதுக்கு ஓடுனோம்னு எனக்கும் தெரியல. நடந்து திரும்பி வந்தேன். வாசல்ல மகளும் அம்மாவும் நிக்கிறாங்க. பிள்ளை சிரிக்குது. மாரித்தங்கம் சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு நிக்கிறா. அழுதாளா சிரிச்சாளான்னு நான் கேக்கல. கேட்டிருக்கணுமோ என்னவோ.

இப்ப அபிநயா திரும்ப டீம்ல இருக்கா. டாக்டர் லெட்டரை எடுத்துட்டுப் போயி நானே பி.டி. டீச்சர்கிட்ட குடுத்தேன், எனக்கும் இருக்குன்னு சொல்லியே குடுத்தேன். போன மாசம் மண்டலப் போட்டி. தோத்துட்டாங்க. எதிர் டீம் நல்லா ஆடுச்சு, அதனால தோத்தாங்க. எங்களுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

பாக்கி ஒண்ணு இருந்துச்சு. 'அத்தைகிட்ட சொல்லுங்க. அம்மா பக்கம் இல்ல, உங்க பக்கம்னு சொல்லுங்க'ன்னு பிள்ளை நச்சரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நானும் நல்ல நாளு பாத்தேன். காலண்டர் கம்பெனிக்காரன், நாளுக்கா பஞ்சம். ரெண்டு மாசம் பாத்தேன். போன வாரம் பிள்ளையே நம்பரைப் போட்டு என் கையில குடுத்துட்டா.

சொன்னேன். பன்னெண்டு வயசுல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். எங்கக்கா குறுக்க பேசவே இல்ல. பேசாமக் கேக்கிறது அவ பழக்கம் இல்ல. முடிச்சதும் லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன்.

'தம்பி'ன்னா.

'சொல்லுக்கா.'

'அந்த மாத்திரை… அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் குடுப்பாங்களா?'

'யாருக்குக்கா?'

'சும்மா கேட்டேன்.'

அப்புறம் அழுதுட்டா. பதினோரு வயசுல இருந்து அவளுக்கும் இருக்காம். எங்கக்காவுக்கு எங்க வீட்டுல மகாராணின்னு பேரு. உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்காம எல்லாரையும் வேலை வாங்குவா. 'ஏ தம்பி, அந்தச் செம்பை எடு', 'ஏ தம்பி, கதவைச் சாத்து.' நான் என்ன கடுப்புல எந்திரிப்பேன் தெரியுமா? பெருவிரல்ல இருந்து ஆரம்பிச்சு எந்திரிப்பேன். ஒரே வீட்டுல ரெண்டு பேரு, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர். அபிநயாவுக்கு வந்ததைப் பாத்த அன்னைக்கே அவளுக்குப் புரிஞ்சுருக்கு. அதான் அவ்வளவு பேசியிருக்கா. மாரித்தங்கத்துக்கிட்ட போனைக் குடுக்கச் சொன்னா. குடுத்தேன். என்ன பேசுனாங்களோ. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி, விடுங்க'ன்னு இவ சொன்னது மட்டும் கேட்டுச்சு.

அதுக்குத்தான் இப்பப் போறேன், அண்ணாச்சி. அக்காவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு மதுரைக்கு. எங்கத்தான்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. இருபத்தாறு வருஷமா அவருக்குத் தெரியாம வச்சிருக்கா. மூட்டு வலிக்கு டாக்டரைப் பாக்கப் போறோம்னு சொல்லியிருக்கா. நானும் சரின்னுட்டேன்.

ஒரு நிமிஷம், போன் அடிக்குது. எங்கத்தான்தான்.

'சொல்லுங்கத்தான்… ஸ்ரீவில்லிபுத்தூர் வரப்போகுது… ஆமா, மூட்டு வலிக்குத்தான்… சரி… சரி… அதுவும் சரி… பாத்துக்கிடுறேன் அத்தான், வச்சுருங்க.'

பாருங்க அண்ணாச்சி. நல்ல மனுஷன். என்ன சொல்றாருன்னா, 'மாப்ளே, எறங்குற எடம் வாரதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே உங்கக்காகிட்ட சொல்லிரு. ஆஸ்பத்திரியில இவ பேரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, ரெண்டு பேரு பாக்கி இருக்கும்போதே ஆயத்தப்படுத்திரு. ரோட்டைக் கடக்கும்போது அவசரப்படுத்தாதே. பின்னால இருந்து சத்தமாக் கூப்பிட்டுறாதே'ங்கிறாரு.

மூட்டு வலிக்கு இவ்வளவு பக்குவம் பாக்குறாரு.

பாவம், அவருக்கு ஒண்ணுமே தெரியாது.